அம்பு முனையில் ஓர் இடம்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் கரண்டிகளுக்கு நிழல் உண்டு. நான்தான் வரைந்தேன். தோசைக் கரண்டி, குழம்புக் கரண்டி, பெரிய கத்தி, சின்னக் கத்தி, கத்தரிக்கோல் என்று ஒவ்வொன்றையும் ஒரு பலகைமேல் வைத்து, சுற்றிலும் கோடு இழுத்து, உள்ளே கறுப்புச் சாயம் அடித்து, மேலே ஓர் ஆணி வைத்திருக்கிறேன். கரண்டி மாட்டியிருந்தால் சாயம் தெரியாது. எடுத்துப் போய்த் திரும்ப மாட்டாவிட்டால் அதன் கறுப்பு உருவம் சுவரில் தனியாகத் தெரியும்.

என் மனைவி பினாங்குத் தீவின் லிட்டில் இந்தியாவில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் வேலை செய்கிறாள். வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு. "எங்க வீட்டுக்காரரு கரண்டிக்கெல்லாம் பாஸ்போர்ட் போட்டோ எடுத்து வச்சிருக்காரு லா. அதுங்க எங்க தப்பிச்சுப் போகப் போகுது?" ஒருமுறை நானே அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது என் காதுபடச் சொன்னாள். கடையே சிரித்தது. எனக்குக் கோபம் சட்டென்று வரும், அன்றைக்கும் வந்தது. ஆனால் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவள் ஒரு கரண்டியை இடம் மாற்றி மாட்டியதில்லை. கேலி செய்துகொண்டே சரியான ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள்.

அந்தப் பழக்கம் விமானப்படைப் பட்டறையில் ஒட்டிக்கொண்டது. அக்கரையில், பட்டர்வொர்த் விமானத் தளத்தில், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வுபெறும்வரை நான் பிட்டர், விமானத்தைப் பழுதுபார்த்துப் பூட்டுகிறவன். இறக்கை, வால், சக்கரம், இவற்றை அசைக்கிற கம்பிகள் எல்லாம் எங்கள் பொறுப்பு. ஸ்பானர் முதல் சின்ன டார்ச் வரை எல்லாவற்றுக்கும் பலகையில் நிழல் இருக்கும். ஒரு நிழல் காலியாக இருந்தால் அந்தச் சாமான் ஏதோ ஒரு விமானத்தின் வயிற்றுக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். பறக்கும்போது அது உருண்டு போய் ஒரு கம்பியின் முடுக்கில் உட்கார்ந்துகொண்டால் விமானி எவ்வளவு இழுத்தாலும் வால் அசையாது. அதனால் காணாமல் போன பொருள் கிடைக்கும்வரை விமானம் தரையைவிட்டுக் கிளம்பாது. ஒரு திருகாணியாக இருந்தாலும் அப்படித்தான். வேலை முடிந்து கிளம்பும்போது எங்கள் தலைமை சார்ஜண்ட் வாசலில் நின்று கேட்பார், வேறு எதுவும் காணோமா என்று. "செமுவா அடா" என்று நாங்கள் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் இருக்கிறது என்பதற்கு மலாய் மொழியில் அப்படிச் சொல்வோம். அதைச் சொல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

இப்படி ஒரு வாழ்நாள் முழுக்க விமானங்களைத் தடவித் துடைத்து அனுப்பியவன், அவற்றில் ஒன்றில்கூட ஏறிப் பறந்ததில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சென்னைக்குப் பயணிகள் விமானத்தில் போயிருக்கிறேன். ஜன்னல் ஓரம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் என் கையால் இறுக்கிய திருகாணியின் மேல் உட்கார்ந்து நான் ஒருநாளும் மேலே போனதில்லை. கல்யாண வீட்டுச் சமையல்காரனுக்குப் பந்தியில் இலை போடுவதில்லை அல்லவா, அது மாதிரிதான். யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. எங்களுக்கு அங்கே இடம் இல்லை, அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற பிறகு, பழைய விமானம் ஒன்றைப் பறக்கும் நிலையில் வைத்திருந்த ஒரு சிறு குழுவில் சேர்ந்தேன். அது இரண்டு பேர் முன்னும் பின்னும் உட்காரும் பயிற்சி விமானம். ஒற்றைப் புரொப்பெல்லர். நான் வேலைக்குச் சேரும்போதே அது கிழடு. அந்தக் காலத்து விமானிகள் பலர் அதில்தான் பழகினார்கள். வாரக் கடைசிகளில் நாங்கள் ஐந்தாறு பேர் தளத்தின் ஒரு மூலைக் கொட்டகையில் அதோடு மல்லுக்கட்டுவோம். அதை ஓட்டியவர் ஓய்வுபெற்ற மலாய் விமானி. எங்களுக்கு அவர் துவான், அதாவது ஐயா. அவரோ என்னைப் பெயர் சொல்லாமல் 'பாங்' என்பார். அண்ணன் என்கிற மாதிரி. எனக்கு அதில் உள்ளூரப் பெருமை.

பினாங்கில் விமானக் கண்காட்சி நடக்கப் போகிறது என்று செய்தி வந்தது. எஸ்பிளனேட் கடற்கரையில் மக்கள் நிற்பார்கள், நீரிணைமேல் விமானங்கள் வரும். அதில் ஓர் அணிவகுப்புக்கு எங்கள் பழைய விமானத்தைக் கேட்டார்கள். முனையில் நம்முடையது, இரண்டு பக்கமும் இந்தக் காலத்துப் பயிற்சி விமானங்கள் இரண்டு, அவற்றுக்குப் பின்னால் இரண்டு ஜெட். ஐந்தும் சேர்ந்து ஓர் அம்பு வடிவம்.

பார்ப்பவர்களுக்கு அது அழகு. எங்களுக்குத் தலைவலி. பழைய விமானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற வேகம் ஜெட்டுக்கு நடை வேகம்கூட இல்லை. ஜெட்டோ ஓர் அளவுக்குக் கீழே வேகத்தைக் குறைத்தால் வானத்தில் நிற்காது. பழையது இதற்குமேல் வேகமாகப் போக முடியாது, புதியது இதற்குக் கீழ் மெதுவாகப் போக முடியாது. நடுவில் கொஞ்சம்போல ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்துக்குள்தான் ஐந்தும் சேர்ந்து பறக்க வேண்டும். பழையது தடதடவென்று நடுங்கும். ஜெட் மூக்கைத் தூக்கிக்கொண்டு, இறக்கைத் தகடுகளையெல்லாம் இறக்கிவிட்டுக்கொண்டு தள்ளாடும். கீழே நிற்பவர்களுக்கு எல்லாம் சுகமாக மிதப்பது போலத் தெரியும். உண்மையில் அத்தனையும் தம் எல்லையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பறக்கின்றன.

நான் இதை ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மனைவிக்கு விளக்கினேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நீங்களும் நானும் பசாருக்கு நடந்து போற மாதிரி" என்றாள். அவள் வேகமாக நடப்பாள். எனக்கு முட்டிவலி.

கண்காட்சிக்கு முன் ஒரு சனிக்கிழமை துவான் என்னை விமானத்தருகே கூப்பிட்டார். இந்த அணிவகுப்போடு இதன் கதை முடிந்தது என்றார். இன்ஜின் ஆயுள் முடிந்துவிட்டது; புதிதாகச் சாமான் கிடைக்காது. அடுத்த வாரம் இறக்கையைக் கழற்றி, லாரியில் ஏற்றி, தெற்கே ஓர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த சமாசாரம்தான். அப்புறம் அவர் பின் இருக்கையைக் காட்டி, "அன்றைக்கு அங்கே நீங்கள் உட்காருங்கள், பாங். அனுமதி வாங்கிவிட்டேன்" என்றார்.

 கையில் இருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். இனி இது கிடைக்காது. இந்த ஒருமுறை விட்டால் அப்புறம் அந்த விமானமே இல்லை. பெர்ரிப் படகில் வீடு திரும்பும்போது எனக்குள்ளே சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் நின்ற சீனப் பெண் ஒருத்தி நகர்ந்து நின்றுகொண்டாள்.

மனைவியிடம் சொன்னதும் வீடு ரெண்டுபட்டது. "மூட்டு வலின்னு மாடிப்படி ஏற முடியாத மனுசனுக்குப் பிளேன் கேக்குதா?" என்றாள். "அது ரிட்டயர் ஆகி எத்தனை வருசம் ஆச்சு. உங்களுக்கே மியூசியத்துல இடம் பாக்கணும். கெழடும் கெழடும் ஜோடி போட்டுக்கிட்டு ஆகாசத்துல ஊர்கோலமா?" இரண்டு நாள் இந்தப் பாட்டுதான். மூன்றாம் நாள் கடைக்குப் போனால் எல்லாருக்கும் அவளே சொல்லி வைத்திருக்கிறாள். நகைக்கடை, பூக்கடை, பணம் மாற்றுகிற கடைக்காரர் வரைக்கும் செய்தி போய்விட்டது. "அண்ணே, ஞாயித்துக்கிழமை வானத்துல பாப்போம்" என்று தெரியாதவர்கள்கூடக் கை ஆட்டினார்கள்.

ஆனால் அவளுக்குப் பயம். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை; கோயிலுக்குப் போய் வந்ததில் தெரிந்தது. கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைக்குப் பக்கத்துக் கோயிலில் அம்மன் காலடியில் வைத்துக் குங்குமம் தடவின எலுமிச்சம்பழம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள்.

"பாக்கெட்ல வச்சுக்குங்க."

"முடியாது."

"ஏன் முடியாது? ஆயுத பூசைக்கு உங்க மோட்டார் டயருக்கடியில நீங்களே வச்சு நசுக்குறீங்கல்ல? மோட்டாருக்கு வைக்கலாம், பிளேனுக்கு வைக்கக் கூடாதா?"

கேட்டது நியாயமான கேள்விதான். அதனாலேயே எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அந்தப் பழைய விமானத்தில் இருக்கைக்குக் கீழே தரை என்று ஒன்று கிடையாது, அப்படியே வயிறு, அதில் கம்பிகளும் தண்டுகளும் திறந்து கிடக்கும், ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு போய் எங்கே சிக்கினாலும் துவானும் நானும் கடலில்தான் என்று கத்தினேன். வாழ்நாள் முழுக்க நான் மற்றவர்களைத் திட்டின திட்டையெல்லாம் அன்றைக்கு அவளைத் திட்டினேன். "கயிறு வேணும்னா கட்டு, விபூதி வேணும்னா பூசு. உருளுற சாமான் எதுவும் என்கூட வராது."

அவள் பழத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சற்று நேரம் கழித்து என் ஆரஞ்சு நிற மேலங்கியை இஸ்திரி போடுகிற வாசனை வந்தது. சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த அந்த உடுப்பை அவளே மடித்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் காலை நெற்றியில் விபூதி பூசி அனுப்பினாள். நான் மோட்டார் சைக்கிளோடு பெர்ரி ஏறினேன். அவள் கடையில் கூட வேலை செய்யும் ஓர் அக்காவோடு எஸ்பிளனேடுக்குப் போவதாக ஏற்பாடு.

கொட்டகையில் உடுப்பை மாற்றினேன். கைப்பேசி, சாவி, சீப்பு எல்லாவற்றையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். மேல் பைகளைத் துழாவிப் பார்த்துக்கொண்டேன். ஜெட்டுகளும் மற்ற இரண்டும் முன்பே கிளம்பிவிட்டன. தாசேக் கெலுகோர் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு மேலே அவை வட்டமடித்துக் காத்திருக்கும். நாங்கள் கிளம்பிப் போய் முனையில் சேர்ந்துகொள்ள வேண்டும். ஜெட்டுகளின் எரிபொருள் குறைச்சல். எங்களுக்காக அவை நீண்ட நேரம் நிற்காது.

பின் இருக்கையில் உட்கார்ந்தேன். கூடச் சேர்ந்து வேலை பார்த்த நண்பர் ஒருவர் தோள் பட்டையை இறுக்கிவிட்டு, தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கினார். இன்ஜின் இருமி, புகை கக்கி, ஓடத் தொடங்கியது. அந்த நடுக்கம் இருக்கை வழியாக முதுகுத்தண்டில் ஏறியது. எத்தனையோ முறை வெளியே நின்று கேட்ட சத்தம். உள்ளே உட்கார்ந்து கேட்கும்போது அது வேறு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்குக்கண்ணாடி இருந்ததால் பரவாயில்லை.

கையுறையைக் கழற்றி எங்காவது செருகலாம் என்று கெண்டைக்கால் பக்கம் இருந்த பைக்குக் கையைக் கொண்டு போனேன். நான் பயன்படுத்தாத பை அது. ஜிப் பாதி திறந்திருந்தது. விரலை விட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை. விரலை எடுத்தபோது நுனியெல்லாம் சிவப்பு.

குங்குமம். முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சை வாசனை.

 ராத்திரி மடிக்கும்போது வைத்திருக்கிறாள். வைத்த பழம் பையில் இல்லை. உடுப்பை மாற்றும்போது விழுந்ததா, கொட்டகையிலிருந்து நடந்து வரும்போது விழுந்ததா, இல்லை, கால் தூக்கி இந்த இருக்கைக்குள் இறங்கும்போது விழுந்ததா. குனிந்து பார்த்தேன். பட்டை இறுக்கியிருந்ததால் என் முழங்காலுக்குக் கீழ் எதுவும் தெரியவில்லை. கீழே இருட்டு.

விமானம் ஓடுபாதையின் முனைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. இந்த இடத்தில் மறைக்க மாட்டேன்: நான் சும்மா இருந்துவிடலாமா என்று நினைத்தேன். யாருக்குத் தெரியும்? கொட்டகைத் தரையிலேயே கிடக்கலாம். புல்லில் கிடக்கலாம். அதுதான் நிச்சயம் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. எஸ்பிளனேடில் அவளும் அந்த அக்காவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த வாரம் இதற்கு இறக்கை இருக்காது. விரலில் இருந்த சிவப்பை உடுப்பில் துடைத்தேன். அது போகவில்லை.

பிறகு மைக்கில் சொன்னேன். "துவான், நிறுத்துங்கள். உள்ளே ஒரு பொருள் விழுந்திருக்கலாம்."

"என்ன பொருள்?"

"லீமாவ், துவான். எலுமிச்சம்பழம்."

அவர் சிரிக்கவில்லை. வேறு கேள்வியும் கேட்கவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் இரண்டு வாக்கியம் பேசினார். இன்ஜின் நின்றது. புரொப்பெல்லர் சுற்றி ஓய்ந்து, என் கண்முன்னால் ஒரு சாதாரணக் கட்டையாக நின்றது.

காத்திருந்தவர்கள் எங்களுக்காக நிற்க முடியாது. நாங்கள் விமானத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தபோது, நான்கு விமானங்களும் தூரத்தில் நீரிணைப் பக்கம் போவதைப் பார்த்தேன். அம்பின் முனை இல்லை. ஆனால் எங்கள் இடத்தை அவர்கள் மூடவில்லை. நாங்கள் இருந்தால் எப்படி விலகி வருவார்களோ அப்படியே, அந்த இடத்தை விட்டுவிட்டு, அதே மெதுவான வேகத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவசரத்தில் வேறு அமைப்புக்கு மாறுவது ஆபத்து என்பதால் அப்படி என்று துவான் சொன்னார். எனக்கு அந்தக் காலி இடத்தைப் பார்க்கப் பார்க்கப் பட்டறைப் பலகைதான் ஞாபகம் வந்தது.

இருக்கையைக் கழற்றினோம். டார்ச்சும் கண்ணாடியும் வைத்து வால்வரை தேடினோம். காய்ந்த பல்லி ஒன்று கிடைத்தது. பழம் இல்லை. கொட்டகையில் தேடினோம், புல்லில் வரிசையாக நடந்து தேடினோம். இல்லை. கிடைக்காதவரை விமானத்துக்குள் இருக்கிறது என்றுதான் கணக்கு. துவான் கீழ்ப்பலகைகளையும் கழற்றச் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் பறந்த காலத்தில் என் அம்மா குர்ஆன் ஓதி, என் தலைக்கவசத்துக்குள் ஊதிவிடுவார், பாங். ஊதின காற்று உருளாது, அதனால் தப்பித்தேன்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். என் மனசில் ஏறவில்லை.

மற்றவர்கள் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஆரஞ்சு உடுப்பைக்கூட மாற்றாமல் கிளம்பினேன். பெட்டகத்தைத் திறந்தால் கைப்பேசியில் அவள் அழைப்புகள் வரிசையாக. பறந்தது எப்படி என்று கேட்கத் துடிக்கிறாளாக்கும் என்று நினைத்தேன். திரும்ப அழைத்தேன், லைன் போகவில்லை. கடற்கரையில் அத்தனை கூட்டமும் ஒரே நேரத்தில் போன் போட்டால் எப்படிப் போகும். நல்லதாகப் போயிற்று என்று பையில் போட்டேன். அவள் குரலைக் கேட்கிற நிலையில் நான் இல்லை. வைத்தாயா என்று கேட்க என்ன இருக்கிறது? விரலில் அத்தாட்சி இருக்கிறது.

பெர்ரியில் மோட்டாரில் சாய்ந்து நின்றுகொண்டு, வீட்டுக்குப் போய் என்ன பேசுவது என்று வார்த்தை வார்த்தையாகக் கோத்துக்கொண்டு வந்தேன். முப்பது வருடக் குடித்தனத்தில் பேசாததையெல்லாம் சேர்த்துக் கோத்தேன். நீ என்னை நம்பவில்லை, பழத்தைத்தான் நம்பினாய். உனக்கு என் வேலை எப்போதும் சிரிப்புதான். இப்படி.

நான் இப்படிக் கொதித்துக்கொண்டிருந்தபோது எஸ்பிளனேடில் என்ன நடந்திருந்தது என்பதைக் கடை அக்கா பிறகு சொன்னார். ஒலிபெருக்கியில் ஐந்து விமானங்கள் வருகின்றன, முனையில் வரும் பழைய விமானத்தில் அதைப் பராமரித்தவரே உட்கார்ந்திருக்கிறார் என்று அறிவித்தார்களாம். சுற்றியிருந்தவர்களிடம் அவள், "எங்க வீட்டுக்காரரு, எங்க வீட்டுக்காரரு" என்று காட்டிக்கொண்டிருந்தாளாம். வந்தது நான்கு. முனை காலி. ஒலிபெருக்கி பேசாமல் நின்றுவிட்டது. முன்னால் நீளமான கேமராவோடு நின்றிருந்த ஓர் அண்ணன், விஷயம் தெரிந்தவர் போலப் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினாராம்: "பாத்தீங்களா, ஒரு எடத்தைக் காலியா விட்டுட்டு வர்றாங்க. செத்துப் போனவங்களுக்கு மரியாதை செய்றது இப்படித்தான்." கூட்டம் கை தட்டியது. சிலர் தொப்பியைக் கழற்றினார்களாம்.

அவர் சொன்னது தப்பில்லை. உலகமெங்கும் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆனால் அடுத்த நிகழ்ச்சியாக ஒரு ஹெலிகாப்டர் வந்து, கடலில் மிதந்த ஆரஞ்சு உடுப்புக்காரர் ஒருவரைக் கயிற்றில் தூக்கியது. மீட்புப் பணி செய்து காட்டுகிறார்கள். அவள் அதற்குமேல் எந்த அறிவிப்பையும் கேட்கவில்லை. கைப்பேசியை அழுத்தி அழுத்திப் பார்த்தவள், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவிட்டாள். அக்கா பின்னால் ஓடியும் பிடிக்க முடியவில்லை. "வலது கைய மட்டும் மூடியே வச்சிருந்தா. போனைக்கூட இடது கையாலதான் அடிச்சா" என்று அக்கா சொன்னார்.

படகுத்துறையில் நான் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது, அக்கரைக்குப் போகிற கூட்டத்தில் அவள் நின்றிருந்தாள். விமானத் தளத்துக்குக் கிளம்பியிருக்கிறாள். ஒரு காலில் செருப்பு இல்லை. தலை கலைந்து, பொட்டு வழிந்து, கடைக்குக் கட்டிப்போகிற நல்ல சேலையின் முந்தானை தரையில் இழுபட்டது. என்னைப் பார்த்ததும் அவள் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். நான் கிட்டே போனதும் என் தோளை, கையை, உடுப்பை இடது கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். உடுப்பு ஈரமாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். அது எனக்கு அப்போது புரியவில்லை.

கோத்து வைத்த வார்த்தைகளில் முதலாவது மட்டும் வாயிலிருந்து வந்துவிட்டது. "பழத்தை ஏன் வச்ச?"

அவள் மூடியிருந்த கையைத் திறந்தாள். உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் தோல் வெடித்து, சாறும் குங்குமமும் கலந்து மணிக்கட்டுவரை வழிந்து காய்ந்திருந்தது.

"வச்சேன்" என்றாள். "ராத்திரி மடிக்கையில வச்சேன். தூக்கம் வரல. நீங்க அவ்ளோ சொன்னீங்களே, நம்ம மனுசன் வேலைய நாமளே கெடுக்கலாமான்னு தோணிச்சு. காலைல நீங்க குளிக்கப் போனப்ப எடுத்துட்டேன்." கையில் இருந்த பழத்தையே பார்த்தாள். "அந்த எடம் காலியா வந்தப்ப, நான் எடுத்ததாலதான்னு நெனச்சேன். எடுக்காம இருந்திருக்கலாமே, எடுக்காம இருந்திருக்கலாமேன்னு..."

நான் மோட்டாரை நிறுத்தினேன். நிறுத்துக்காலை மூன்று முறை தட்டியும் சரியாக விழவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குங்குமத்தைப் பார்த்தது, இன்ஜினை நிறுத்தச் சொன்னது, புல்லில் தேடியது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "உள்ள இல்லாத பழத்துக்காகவா போகல?" என்றாள்.

"இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதே."

அவள் அழத் தொடங்கினாள். என் உயிருக்காக அழுதுமுடித்து, இப்போது என் ஆசைக்காக அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்கும் தாங்கவில்லை. வாழ்நாளில் ஒரே ஒருமுறை வந்த இடம் போய்விட்டதே என்ற துக்கம் அப்போதுதான் முழுசாக வந்து இறங்கியது. கூடவே, கரண்டியை என்றைக்கும் இடம் மாற்றி மாட்டாதவள்மேல் ஒரு நிமிடத்தில் பழியைப் போட்டுவிட்டேனே என்ற வெட்கமும். சுற்றிலும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நடுரோட்டில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாங்கள் அப்படியெல்லாம் நிற்கிறவர்கள் இல்லை.

பிறகு ஞாபகம் வந்தது. அங்கே கொட்டகையில் அவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள். துவானைக் கூப்பிட்டேன். பின்னால் பலகையைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"துவான், பொருள் கிடைத்துவிட்டது. நிறுத்தச் சொல்லுங்கள்."

"எங்கே இருந்தது?"

"என் மனைவி கையில். காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது."

அவர் யாரிடமோ திரும்பி, வேலையை நிறுத்தச் சொன்னார். பிறகு, பழைய சார்ஜண்ட் வாசலில் நின்று கேட்பாரே, அதே கேள்வியை அதே மாதிரிக் கேட்டார்.

"வேறு எதுவும் காணோமா, பாங்?"

அவள் என் உடுப்பின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். துணியெல்லாம் குங்குமக் கறை.

"செமுவா அடா, துவான்" என்றேன்.